அடுப்புக் கமிஷன்

காரைக்குடி,
பிரபவ வருஷம் பங்குனி 7

சௌபாக்கியவதி நாகவல்லிக்கு வயிரவன் எழுதுவது. இங்கு க்ஷேமம். கண்டனூரில் உன் ஆத்தா வீட்டில் நீயும் க்ஷேமமாக இருப்பாய். கோபக்காரர்களுக்கு நன்றாகப் பசிக்கும்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. தை மாதம் அப்பச்சி ஒரே வீட்டுக்குள் நம்மை வேறு வைத்து, தனி அடுப்பும் வருஷத்துச் சாமானும் கொடுத்தார்கள். நீ குன்றக்குடிக்குச் சாமி கும்பிடப் போன அன்று உன் மண் அடுப்பை இடித்துவிட்டு, புகைக்குழாய் வைத்த செங்கல் அடுப்பு கட்டினேன். பாதி விறகில் சோறு வேகிறது. இதற்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது?

என் ஆத்தாவிடம் சாப்பாடு கேட்டேன். "வேறு வச்ச மகனுக்கு இங்குட்டு இலை கெடையாது" என்றுவிட்டாள். நானே பொங்கினேன். அடுப்பு பிரமாதம். சோறு குழைந்துவிட்டது.

சென்னையில் மந்திரிகள் மூவரில் இருவர் ராஜினாமா. உடனே வேறு இருவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். நம் கூட்டு மந்திரிசபையில் இருந்ததே இரண்டு பேர். அதில் ஒருத்தி விலகிவிட்டாள். அந்த இடத்துக்கு வேறு ஆள் போட முடியாது. எனக்கு விருப்பமும் இல்லை. வண்டி அனுப்பட்டுமா?

வயிரவன்


கண்டனூர்,
பங்குனி 9

அவர்களுக்கு நாகவல்லி நமஸ்காரம். வண்டிக்காரப் பெத்தன் கடிதம் கொடுத்தான். பசி உண்மைதான். உங்களை நினைத்து இரண்டு பணியாரம் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அடுப்பு கெட்டது என்று நான் சொன்னேனா? உங்கள் உயரத்துக்குக் கட்டினீர்கள். நான் மணைமேல் ஏறி நின்று குழம்பு கிண்டினேன். புகை வீட்டில் பெரியப்பச்சி குடும்பத்தின் பங்குப் பக்கம் போயிற்று. பேச்சு கேட்டது நான்.

அந்த மந்திரிகள் ஏன் விலகினார்கள் என்று இங்கே பத்திரிகை படிக்கும் செம்மலை அண்ணனைக் கேட்டேன். நம் நாட்டை விசாரிக்கச் சீமையிலிருந்து வந்த கமிஷனில் நம்மவர் ஒருவர்கூட இல்லையாம். அதனால் வந்த மனத்தாங்கலாம். என் அடுப்பை விசாரித்த கமிஷனிலும் நான் இல்லை. வண்டி வேண்டாம்.

நாகவல்லி


காரைக்குடி,
பங்குனி 10

நாகவல்லிக்கு,

நீ எழுதியது சரி. கமிஷனைக் கலைத்தாயிற்று. அடுப்பையும் இன்று காலை இடித்தாயிற்று. குழாய் முற்றத்தில் கிடக்கிறது. ஆத்தா எட்டிப் பார்த்து, "கிண்டி இஞ்சினியர் காலேசுல இடிக்க மட்டுந்தான் சொல்லிக்குடுத்தாகளா?" என்று கேட்டாள்.

இனி அடுப்பு, விறகு, உப்பு, புளி எல்லாம் உன் இலாகா. சாப்பிடுகிற இலாகா மட்டும் எனக்குப் போதும். மண் அடுப்பே வேண்டுமென்றாலும் சரி. வந்துவிடு. நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை.

வயிரவன்


கண்டனூர்,
பங்குனி 11

அவர்களுக்கு,

இடித்துவிட்டீர்களா? இந்தத் தடவையும் என்னைக் கேட்கவில்லையே! கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அந்தக் குழாய் வந்த பிறகுதான் கண் எரியாமல் சமைத்தேன். கோபத்தில் அதைச் சொல்லவில்லை.

கடிதத்தைப் படித்துக் காட்டியதும் இங்கே சமையற்கட்டே சிரித்தது. "ஓடு ஆத்தா, விட்டா வீட்டையே இடிச்சுப்புடுவாக" என்கிறாள் என் ஆத்தா.

குழாய் இருக்கட்டும், வாயை மட்டும் தெருப்பக்கம் திருப்புங்கள். உயரம் என் உயரம். அதற்கு அளவெடுக்க நான் வேண்டும். ஆகவே இந்தக் கடிதத்தைப் பெத்தனிடம் கொடுக்கவில்லை. நானே கொண்டுவந்து தருகிறேன்.

படித்தாயிற்றா? அளவு நாடாவை எடுங்கள். எதிரில்தான் நிற்கிறேன்.

நாகவல்லி