நடுவில் போட்ட காலிச் சட்டம்

திருவொற்றியூர்,
வெள்ளிக்கிழமை

அன்புத் தங்கை எழில்மொழிக்கு அக்கா அன்புக்கரசி எழுதுவது. ஜெய்பீம். இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. உன் மாமாவுக்குத் துறைமுகத்தில் இந்த மாதம் முழுக்கப் பகல் வேலை. பொள்ளாச்சியில் மழை எப்படி? போன் போட்டால் நீ ஸ்பீக்கரில் வைப்பாய், உன் மாமியார் காதிலும் விழும். அதனால்தான் கடிதம்.

நீ கொடுத்து, மொட்டைமாடியில் வைத்திருந்த தேனீப் பெட்டி காலியாகிவிட்டது, எழில்.

குஞ்சுப் புழு இருக்கும் அடைகளைப் பிரிக்காதே, காலி மரச்சட்டத்தை ஓரத்தில் போடு, சட்டங்களை நெருக்கி வை என்று படித்துப் படித்துச் சொன்னாய். எனக்குத்தான் அவசரம். நடுவில் போட்டால் சீக்கிரம் கட்டும் என்று இரண்டு காலிச் சட்டங்களை நடுவே செருகி, இடைவெளியையும் தாராளமாக விட்டேன். தேனீக்கள் சட்டத்தை விட்டுவிட்டு அந்தச் சந்தில் கோணல்மாணலாக அடை கட்டின. தேன் வந்திருக்குமா என்று பார்க்கும் ஆசையில், மாடியில் யாரும் இல்லாதபோது ஒரு சட்டத்தைப் பிடித்து இழுத்தேன். அடை பிய்ந்து புழுவும் தேனுமாகப் பெட்டிக்குள் கொட்டியது. என்ன செய்வதென்று தெரியாமல் மூடிவிட்டு வந்தேன். எறும்பு ஏறிவிட்டது. மறுநாள் மொத்தமும் கிளம்பி ரயில் பாதைப் பக்கம் போனதை பிளாக் முழுக்க நின்று பார்த்தது.

"இன்னாக்கா, ஏன் போவுது?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். உன் தோஸ்து, பக்கத்து வீட்டு உஸ்மா வழக்கம்போல மாடியில்தான் விற்பனை மசாலாவுக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். "இவ போடுற பொகைலதான்" என்று சொல்லிவிட்டேன்.

மற்றவர்கள் அதற்காகவே காத்திருந்ததுபோலப் பிடித்துக்கொண்டார்கள். செக்ரட்டரி சங்கரநாராயணன் அன்றைக்கே மாடிக் கதவைப் பூட்டினார். சாயங்காலம் உஸ்மா என் வாசலுக்கு வந்து, "மன்னிச்சுக்கோக்கா, அதுங்களுக்கு ஆவாதுனு எனக்குத் தெரியாது" என்றாள். அப்போதுகூட நான் தலையைத்தான் ஆட்டினேன்.

இப்போது வீட்டுக்குள்ளேயே வறுக்கிறாள். அவள் வீடு ஒற்றை அறை, பால்கனியும் கிடையாது. அவள் பிள்ளை இருமுவது சுவரைத் தாண்டிக் கேட்கிறது.

நேற்று பிளாக் கூட்டத்தில் எழுந்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். செக்ரட்டரி சிரித்துக்கொண்டே, "அத்த வுடும்மா, எப்படியோ பொகை நின்னுச்சுல்ல, பூட்டு இருக்கட்டும்" என்றார். உஸ்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனாள். பின்னாலேயே போய்க் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை.

நீ சொன்னால் கேட்பாள். எங்கள் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் பால்கனியைக் காலி செய்து கழுவி வைத்திருக்கிறேன். காற்று நன்றாக வரும். அங்கே வந்து வறுக்கச் சொல். என் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. வீட்டுச் சாவியை யாரிடமாவது அவளுக்குக் கொடுத்தனுப்பிவிடுகிறேன். அவள் வரும் நேரம் நான் வெளியே போய்விடுகிறேன்.

உன்னை நம்பி வந்தவை எல்லாம் உன்னோடு தங்கட்டும், கண்ணு.

உன் அக்கா,
அன்புக்கரசி