மேசையை விட்டு எழும்பும்போது

இன்று அல் குசைஸில் ஒரு போன் கடையில் நின்றேன். பழைய போனில் இருந்ததையெல்லாம் புதியதுக்கு மாற்றிக்கொண்டிருந்த கடைக்காரர், ஒரு படத்தின் மேல் விரலை வைத்து, இது சும்மா சீட்டு விளையாட்டுத்தானே, அழித்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று நான் சொன்ன வேகத்தில் மனுசர் விரலைச் சுட்டுக்கொண்டது போல எடுத்துவிட்டார்.

வெளியே வந்து, ஏசி போட்ட பஸ் தரிப்பிடத்துக்குள் இருந்து அதைத் திறந்து பார்த்தேன். நண்பர் பட்டியலில் ஒரே ஒரு ஆள். கண்ணாடி போட்ட பூனை. அந்தப் படத்தை ஆப் தானாகத்தான் உமக்குக் கொடுத்தது. மாற்றத் தெரியாமல், என்னோடு விளையாடிய மூன்று வருடமும் அந்தப் பூனையாகவே இருந்துவிட்டீர். பக்கத்தில் பச்சைப் புள்ளி இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் பஸ் வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘நீர்’ என்று கூப்பிட்டால் உமக்குச் சிரிப்பு வரும். உங்கள் மலையகத்து அட்டன் பக்கத்தில் ராசா வேசம் போட்டவன்தான் அப்படிக் கதைப்பானாம். யாழ்ப்பாணத்துக்காரிக்குச் சிநேகிதியை வேறெப்படிக் கூப்பிட வரும்? நீர் என்னை ‘அக்கா’ என்பீர். இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீர்தான் ஏழு மாதம் மூத்தவர். நான் விசா விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிற டைப்பிங் சென்டரில் கதிரையில் இருந்து வேலை செய்கிறவள், நீர் வீடுகளில் சமைக்கிறவர். அதனால் நான் அக்கா. எத்தனை தரம் சண்டை பிடித்தும் அதை மாற்ற முடியவில்லை.

இதே நகரத்துச் சத்வாவில், வேலைக்கு வந்த பெண்களுக்கு நாலு கட்டில் போட்ட அந்த அறையில்தான் போக்கர் தொடங்கியது. கையில் இரண்டு கார்டு ஒளித்து வைத்திருப்பது, மேசை நடுவில் ஐந்தைத் திறப்பது, எல்லாம் சேர்த்து யாருடையது பெரிது என்று பார்ப்பது. நான் வீடியோ பார்த்துப் பழகிக்கொண்டிருந்தேன். நீர் சட்டை மடித்தபடி எட்டிப் பார்த்து, “காசு வெக்கணுமா அக்கா?” என்று கேட்டீர். இல்லை, காலையில் ஆப்பே சும்மா சிப்ஸ் தரும், அதை வைத்து ஆடுவதுதான் என்றேன். “அப்பன்னா ஒக்காரலாம்,” என்று பக்கத்தில் வந்து இருந்தீர்.

எது பெரிது, எது சிறிது என்று விசா விண்ணப்பத் தாளின் பின்பக்கத்தில் எழுதி உமது கட்டிலோரம் ஒட்டிவைத்தேன். ஒரே இனத்தில் ஐந்து வருவது, வரிசையாக ஐந்து வருவதை வெல்லும் என்பது கடைசி வரை உமது தலைக்குள் ஏறவேயில்லை. வரிசையாக நிற்பதுதானே கஷ்டம், ரேஷன் கடையில் பார்த்ததில்லையா என்று வாதாடுவீர். ஆனால் அந்தத் தாளில் நான் எழுதாத ஒன்று உமக்குத் தானாக வந்தது. மேசையில் எப்படி இருப்பது என்பது.

மேசைக்கு வந்ததும் முகம் தெரியாத ஏழு பேருக்கும் ஹலோ சொல்வீர். அடுப்பில் வேலை இருந்தால், உமது முறைக்காக மற்றவர்களைக் காக்க வைக்காமல் ‘இந்த ஆட்டத்துக்கு நான் இல்லை’ என்ற பொத்தானை அமத்திவிட்டுத்தான் எழும்புவீர். கார்டைப் போட்டு விலகிவிட்டால், ஆட்டம் முடியமுன்னம் உம்மிடம் என்ன இருந்தது என்று வாய் திறக்க மாட்டீர். தோற்றால் “நல்ல கார்டு.” வென்றால் பேச்சே இல்லை.

நானோ தலைகீழ். யாரோ ஒரு புதிய ஆள் ஒன்றுக்கும் உதவாத கார்டை வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் வந்து, குருட்டதிர்ஷ்டத்தில் என்னை வென்றுவிட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. விளையாடத் தெரியுமா உனக்கு என்று எல்லாரும் பார்க்க எழுதினேன். அவர் எழும்பிப் போய்விட்டார். நீர் போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்.

“வீட்டுக்கு வந்தவங்ககிட்ட, ஒனக்கு டீ குடிக்கத் தெரியுமான்னு கேட்டுட்டா குடுப்பாங்க?”

அன்று முழுக்க நான் உம்முடன் கதைக்கவில்லை. அடுத்த நாள் நீர் பொரித்த பப்படம் இரண்டைத் தட்டில் வைத்தபோது கதைத்துவிட்டேன். இன்னொரு தரம், வெல்லுகிற கார்டைக் கையில் வைத்துக்கொண்டே, எதிராளி தான் வென்றதாக நினைத்துச் சந்தோசப்படட்டும் என்று நேரம் முடியும் வரைக்கும் காட்டாமல் இருந்தேன். எனக்கு அது பெரிய பகிடி. சோற்றைக் காட்டிவிட்டு இலையை இழுக்கிற வேலை என்றீர். அதோடு அதை விட்டேன்.

எழும்பும்போது மட்டும் நீர் ஒரு பிழை விடுவீர். ‘போகிறேன்’ என்று எழுத உமது கை ஓடாது. அட்டனில் மட்டுமல்ல, எங்கள் ஊரிலும் வாசலில் நின்று அப்படி யாரும் சொல்வதில்லைத்தான்; ‘போட்டு வாறன்’ என்போம். ஆனால் நீர் உமது ‘பொயிட்டு வர்றேன்’ என்பதை அப்படியே இங்கிலீஷாக்கி உலகத்தின் நடுவில் போட்டீர். “ஐ கோ அண்ட் கம்.” தொப்பி படம் வைத்திருந்த ஒருவர், எந்த நாட்டுக்காரரோ, அதை நம்பி ஒரு மணித்தியாலம் அந்த மேசையிலேயே இருந்தார். பூனை இன்னும் வரவில்லையா என்று என்னைக் கேட்டார். பூனை நித்திரை என்று எழுதினேன். அறை முழுக்கச் சிரித்தது. வெட்கத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டீர். அப்படியும் மாற்றவில்லை.

“போறேன்னு சொல்லிட்டுப் போவக் கூடாதுக்கா. சொல்லாமயும் போவக் கூடாது.”

பிறகு, நீர் சமைத்த வீட்டு மேடத்தின் குடும்பம் மஸ்கட்டுக்கு மாறியது. நீரும் அவர்களோடு அங்கே ரூவிக்குப் போனீர். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு உமக்கு ஓய்வு. அந்த ஒரு மணித்தியாலம் நாங்கள் ஒரே மேசையில் இருந்தோம். எத்தனையோ வழியில் செய்தி அனுப்பலாம்தான், ஆனால் பக்கத்தில் இருக்கிறீர் என்ற நினைப்பு அங்கேதான் வரும். உமது முறை வரும்போது பூனையைச் சுற்றி ஒரு பச்சை வட்டம் ஓடும். இப்போது கார்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்க்கிறீர் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமையை நான் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமே பொய். உம்மிடம் வரிசையாக ஐந்து. என்னிடம் ஒரே இனத்தில் ஐந்து. நீர் வழக்கம்போல வரிசைதான் பெரிது என்று நம்பி, மேசையில் வைத்திருந்த சிப்ஸ் முழுவதையும் நடுவில் தள்ளினீர். வென்றேன். கதிரையை விட்டுத் துள்ளினேன். “நல்ல கார்டு அக்கா” என்று எழுதினீர்.

வென்றவர் உடனே எழும்பக் கூடாது, தோற்றவருக்கு இன்னும் இரண்டு ஆட்டம் இருந்து கொடுக்க வேண்டும் என்பதும் உமது முறைதான். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே, வெற்றியோடு நிற்பாட்டுவோம் என்று போனை மூடினேன். ஒரு சொல் எழுதவில்லை. அவசர வேலை ஒன்றும் இருக்கவில்லை. தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

அடுத்த நாள்தான் திறந்து பார்த்தேன். ‘அக்கா?’ அதற்குக் கீழே, ‘இருக்கீங்களா?’ அதற்குக் கீழே, ‘சரிக்கா, பொயிட்டு வர்றேன்.’ பிறகு, மேசையில் இருந்த எல்லாருக்குமாக, ‘ஐ கோ அண்ட் கம்.’ நாலு மணி வரைக்கும் இருந்திருக்கிறீர். சனிக்கிழமை பார்த்து மன்னிப்புக் கேட்போம் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை உமது மேடத்தின் மகள் செய்தி அனுப்பினாள். சமையலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரமுன்னம் முடிந்துவிட்டதாம். உம்மை மஸ்கட்டிலிருந்து நேரே ஊருக்கு அனுப்பினார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. மேசையிலும் விடை சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தும் சொல்லவில்லை. இத்தனை மாதமாக என்னால் விழுங்க முடியாதது அதுதான். உமது சாவை விட அது கிடந்து குத்துகிறது என்று சொன்னால் கோபிக்காதேயும்.

இன்று அந்தப் பஸ் தரிப்பிடத்தில், பூனையைப் பார்த்த கையோடு, வந்த பஸ்ஸில் ஏறாமல் எங்கள் பழைய மேசைக்குள் போனேன். தொப்பிக்காரர் அங்கே இருந்தார். நான் ஹலோ சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, பூனை எங்கே. நீர் ஒருநாளும் எழுதாத சொல்லை நான் எழுதினேன். அவர் போய்விட்டார், இனி வரமாட்டார் என்று.

அவருடைய முறை வந்தது. வட்டம் ஓடியது. கார்டைத் தொடாமலே விட்டார். மற்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். பிறகு எழுதினார்:

‘ஆனால் திரும்பி வருவதாகத்தானே சொன்னார்.’

ஆமாம் என்று எழுதினேன். வேறென்ன எழுதுவது? கண் தெரியவில்லை. பஸ் ஒன்று வந்து போனது.

அந்த மேசையில் புதிதாக ஒருவர் தடுமாறிக்கொண்டிருந்தார். என்னிடம் தோற்றார். நான் எழும்பவில்லை. அவராகப் போதும் என்று சொல்லும் வரைக்கும் இருந்தேன். இன்னும் இரண்டு பஸ்ஸை விட்டேன். பிறகு நானும் எழும்பினேன். எழும்பமுன்னம் உமது பிழையை எழுத்துக்கெழுத்து அப்படியே எழுதினேன். தொப்பிக்காரர் ‘காத்திருக்கிறேன்’ என்றார்.

அன்றைக்குச் சொல்லாமல் எழும்பிப் போனவள் இன்றைக்குச் சொல்லுகிறேன். ஏழு மாதம் மூத்தவரே, நான்தான் உம்மை அப்படிக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

போட்டு வாறன், அக்கா.