குடியம் காட்டுக்குப் பொங்கல் பானை சுமந்தது

காட்டுப்பாக்கம்
14-5-1939

அன்புள்ள உலகநாதனுக்கு,

அம்மா ஆசியுடன் எழுதுவது. இங்கே அப்பா, அத்தை, இரண்டு பசுக்கள் உட்பட எல்லோரும் நலம். உன் நலத்தை உன் கடிதத்திலிருந்து தெரிந்துகொள்வதை நான் விட்டுவிட்டேன். வரிசையாக மூன்று கடிதங்களில் 'சுகமாக இருக்கிறேன்' என்று எழுதினாய், மூன்றும் மலைக்காய்ச்சலில் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே எழுதியவை என்று உன்னோடு டேராடூனில் தங்கிப் படிக்கும் எத்திராஜ் எழுதித்தான் தெரிந்தது. காட்டிலாகா உத்தியோகத்துக்குப் படிக்கிறவன் ஒரு கொசுவிடம் தோற்றதை வெளியே சொல்ல வெட்கப்படுவது நியாயந்தான்.

நான் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கையில் உன் நாகம்மாள் அத்தை, குடியம் காட்டுக் குகையம்மனுக்கு நேரில் போய்ப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டுவிட்டாள். உன் அப்பாவும் உடனே சம்மதித்தார், பக்தியால் அல்ல, அந்தப் பக்கத்தில் ஆதிமனிதனின் கல்கோடரிகள் கிடைத்ததாக எங்கோ படித்திருக்கிறார். ஆவடியில் ரயிலேறித் திருவள்ளூரில் இறங்கி மாட்டுவண்டியில் போனோம். வழியெல்லாம் கூழாங்கல், அப்பாவுக்கு ஒவ்வொன்றும் கோடரி. காட்டின் எல்லைக் கல்லருகில் காவற்காரர் துலுக்கானம் எங்கள் பானையையும் விறகையும் பார்த்து நிறுத்தினார். கோடையில் ரிசர்வ் காட்டுக்குள் நெருப்பு மூட்டக் கூடாதாம், நீ எனக்குப் பக்கம் பக்கமாக எழுதும் அதே சட்டம். அத்தை விடவில்லை. "ஏன் நைனா, உங்க சர்க்காரு வர்றதுக்கு முன்னியே எங்கம்மா இங்கதான் கீறா. அவளுக்கு எந்தத் தொரை பாஸ் குடுத்தான்?" என்று கேட்டாள். அவர் சிரிக்காமல், "அம்மனுக்குப் பாஸ் வேணாம்மா. அடுப்புக்குத்தான் வேணும்" என்றார். தன் மருமகன் நாளைக்கு அவருக்கே மேலதிகாரியாக வரப்போகிறான் என்று மிரட்டிவிட்டு, உன் பெயரைச் சொல்லச் சொல்லி என் விலாவில் இடித்தாள். நான் நகர்ந்து நின்றுகொண்டேன். நாளைக்கு நீ ஒரு காட்டில் நின்று இதையே சொல்ல வேண்டியவன்.

அதன் பிறகு அத்தை சண்டை போடவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சொல்லிவிட்டுச் செய்யாமல் போனால் பிள்ளைக்குக் காய்ச்சல் திரும்பும் என்றாள், அரிசி மூட்டையை மடியில் இறுக்கிக்கொண்டாள். அந்தப் பயத்தோடு வாதாட எனக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை. எல்லைக் கல்லுக்கு வெளியே பொங்கி, பானையை உள்ளே கொண்டு போவோம் என்றேன். துலுக்கானம் தலையாட்டினார். அத்தை மூட்டையை அவிழ்த்துக்கொண்டே, "அப்போ பெத்தவதான் தூக்கினு போவணும்" என்று தீர்ப்புச் சொன்னாள். அடுப்புக்கு ஒரு கல் குறைந்தது, அப்பா மடியில் வைத்திருந்த மிகச் சிறந்த கோடரியைப் பிடுங்கி வைத்தாள். அது இப்போது கரியேறி நம் அலமாரியில் இருக்கிறது, ஆதிமனிதன் சமைத்துச் சாப்பிட்டதற்கு ஆதாரமாம்.

காரை, களா முட்புதர்கள் நெருங்கிய ஒற்றையடிப் பாதை, ஏற்றம் வேறு. பானையை முந்தானையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தேன், உள்ளே தணல் இருக்கிறதோ என்று துலுக்கானம் கடைசிவரை பானையைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு படைத்த பொங்கலில் இரண்டு இலை சாப்பிட்டார். குகை நான் நினைத்ததைவிடப் பெரிது, பாறை கூரையாக நீண்டு கீழே நல்ல குளிர்ச்சி. அத்தை கண்ணை மூடிக் கும்பிட்டாள். நான் மூடவில்லை, பானை சாயாமல் யாராவது பார்க்க வேண்டுமே. பாதி வேண்டுதல்தான் தீர்ந்ததாம், நீ வந்து அங்கே ஒரு வாய் சாப்பிட்டால்தான் மீதி. அம்மனுக்காக வராவிட்டாலும் அத்தைக்காக லீவுக்கு வா. வேறு யாருக்காகவும் என்று நான் சொல்லவில்லை.

கொசுவலை இல்லாமல் படுக்காதே. இனிச் 'சுகம்' என்று எழுதாமல், காய்ச்சல் எத்தனை டிகிரி என்று எழுது. நீண்ட ஆயுளும் உடல்பலமும் பெற்று நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துக் கவலைப்படாதே. பானை கொஞ்சம் சூடாக இருந்துவிட்டது, வலது கையில் துணி சுற்றியிருக்கிறது. மற்றபடி, நீ எழுதுவாயே, அதைப்போலவே நானும் சுகம்.