கிணற்றுக்கட்டில் நிறைந்த வாளிகள்

யூலை 8, திங்கள்

பல்கலைக்கழகக் கோடைகாலப் பள்ளிக்கு எங்கள் ஊர் சரவணையைத் தெரிவு செய்துவிட்டார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் நான் ஒரே பல்லவியைப் பாட, காது புளித்துப்போய்த் துறைத்தலைவர் சேர் ஒத்துக்கொண்டார். "சுலோஜனா, உம்முடைய ஊர்தானே, ஒழுங்குகளை நீரே பாரும்" என்றார். பார்க்கிறேன். தற்காலிக உதவி விரிவுரையாளர் என்ற பெயரில் தற்காலிகம்தான் எனக்கு நிரந்தரம்.

தலைப்பு: நிலைபேறும் மீண்டெழும் திறனும். நோர்வேயிலிருந்தும் கனடாவிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். கிணறுகளில் உப்பு அளந்து, வீட்டுக்காரரிடம் கேள்வி கேட்டு அறிக்கை எழுதுவார்கள். குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறியை எந்த ஊருக்கு எத்தனை தரம் விடுவது என்று அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப் போகிறார்களாம். கோடையில் படிக்க அவர்களுக்குப் பள்ளி. எங்களுக்குக் கோடையென்றால் தண்ணீருக்கு அலைகிற காலம்.

எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். கிழமைக்கு ஒருக்கா வருகிற பவுசர் இரண்டு தரம் வரவேண்டும். உப்புக் கரிக்கும் எங்கள் கிணற்றுச் சவர்த்தண்ணீருக்குள் யாராவது உப்பு அளக்கும் மீட்டரை வைத்து, இது குடிக்க ஏலாது என்று எழுதினால் காணும்.

யூலை 11, வியாழன்

வெள்ளைக்காரரும் வருகினமோ, எத்தனை மணிக்கு வருகினம் என்று அம்மா துளைத்து எடுக்கிறா. சாப்பாடு நாங்கள் கொடுக்கத் தேவையில்லை என்றாலும் விடுகிற பாடில்லை. பக்கத்து வீட்டுக் கமலாதேவி அக்காவோடு வேலியடியில் ஒரே குசுகுசுப்பு. நல்ல காரியம் ஒன்று ஊருக்கு வருகிறது, சந்தோசப்படட்டும்.

யூலை 14, ஞாயிறு

பவுசர் தண்ணீர் இந்த முறை கெதியாய் முடிந்துவிட்டதாம். அரைக் கோப்பை தேத்தண்ணிதான் கிடைத்தது.

யூலை 16, செவ்வாய்

நாளைக்கு ஊருக்குள் போகிற குழுவில் நான் இல்லை!

மத்தியானச் சாப்பாட்டை மண்கும்பான் கடற்கரையில் வைத்தால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று சேருக்கு இன்றைக்கு ஞானம் பிறந்திருக்கிறது. பந்தல் போடுவிப்பதும், நண்டுக்கறி நேரத்துக்கு வருகிறதா என்று பார்ப்பதும் என் பொறுப்பு. கிணறு காட்ட ஊர் ஆள் ஒருவர் வேண்டாமா என்று கேட்டேன். ஊரின் வரைபடம் எல்லாருடைய போனிலும் இருக்கிறதாம்.

என்ரை ஊர், என்ரை கிணறு. நான் நண்டுக்குக் காவல். இதுக்கே இவ்வளவு காலம் கத்தினனான்?

யூலை 17, புதன்

சாப்பிட வந்தவர்கள் எல்லாருக்கும் முகம் நிறையச் சிரிப்பு. கம்சிகா என்று ஒரு பிள்ளை, கனடாவில் பிறந்தவள், தாயின் ஊர் இங்கே நாரந்தனை. ஓடி வந்து, "அக்கா, உங்கடை ஊர் ஆக்கள் சரியான நல்லம். கிணத்தடியிலை எங்களை ஒரு வேலை செய்ய விடேல்லை" என்றாள். என்ன வேலை என்று கேட்க வாயெடுத்தேன். நண்டுக்கறிக்கு உப்புக் காணாது என்று சேர் கூப்பிட்டார். போய்விட்டேன்.

யூலை 19, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. சரவணை: குடிக்கத்தக்க நீர். திரையில் எங்கள் ஊர் முழுக்கப் பச்சை.

எழும்பி, இது பிழை சேர் என்றேன். அந்தத் தண்ணீரில் முழுகினால் தலைமயிர் சடைபிடிக்கும், பருப்பு அவியாது, நான் அதில் வளர்ந்தவள் என்றேன். "மீட்டர் பொய் சொல்லாது. ஊர்ப்பாசத்தை ஆராய்ச்சிக்குள்ளை கொண்டுவராதையும்" என்றார், அத்தனை பேருக்கும் முன்னால்.

தண்ணீருக்குக் கஷ்டமா என்ற கேள்விக்கும் ஊர்ச்சனம் ஒரு குறையும் இல்லை என்றே சொல்லியிருக்கிறது. ஆகவே மீண்டெழும் திறன் மிக உயர்வு. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வேறென்ன செய்ய.

யூலை 20, சனி



பிள்ளைகள் சந்தோசமாய்ப் போனார்களா என்று அம்மா கேட்டா. பிறகு தானாகவே பெருமையோடு சொன்னா. ஒழுங்கைக்கு ஒழுங்கை ஊர்ப் பெண்கள் எல்லாரும் பவுசர் தண்ணீரை மிச்சம் பிடித்து, கிணற்றுக்கட்டுகளில் வாளி வாளியாக நிறைத்து வைத்தார்களாம். வந்தவர்கள் கால் முகம் கழுவவும் குடிக்கவும். பிள்ளைகள் கயிற்றைப் பிடிக்கப் போனபோது, விருந்தாளி தண்ணீர் அள்ளுவதா என்று மறித்து அந்த வாளிகளைக் காட்டியிருக்கிறார்கள். அதற்குள்தான் மீட்டர் இறங்கியிருக்கிறது.

"வீடு தேடி வந்த சனத்துக்குச் சவர்த்தண்ணியே பிள்ளை குடுக்கிறது?" என்று கேட்டா அம்மா.

கத்தினேன். உங்கடை மரியாதையிலை நெருப்பு விழ எண்டு கத்தினேன். அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் செத்துப்போச்சு. பிறகு ஒன்றே ஒன்று சொன்னா: "உதைப் போய் அங்கை சொல்லிப்போடாதை. பொய் காட்டின சனம் எண்டெல்லே நினைப்பினம்."

யூலை 22, திங்கள்

சேரிடம் சொன்னேன். அறிக்கை போய்விட்டதாம். "உங்கடை சனம் எங்களை ஏமாத்தினதெண்டு எழுதட்டோ? நீரே சொல்லும்."

வேண்டாம் சேர் என்றேன். அப்படித்தான் சொல்வேன் என்று தெரிந்துதான் கேட்டார்.

ஓகஸ்ட் 30, வெள்ளி

பவுசர் இனி மாதத்துக்கு ஒருக்கா. சரவணையில் நல்ல தண்ணீர் இருக்கிறதென்று பல்கலைக்கழகமே சொல்லிவிட்டதாம். கமலாதேவி அக்கா வேலியடியில் என்னைக் கண்டும் காணாதமாதிரிப் போனா. கூட்டிக்கொண்டு வந்தவள் நான்தானே.

செப்ரெம்பர் 5, வியாழன்

கம்சிகாவுக்கு எழுதியிருந்தேன். அளந்ததில் பிழை என்று மட்டும். வாளிக் கதை எழுதக் கை வரவில்லை. அவள் இன்னும் யாழ்ப்பாணத்தில்தான் நிற்கிறாளாம். திரும்பிப் போகமுன் சனிக்கிழமை வருவாள். பிழையென்று தனக்குத் தெரிந்தால் தன் பேராசிரியருக்குச் சொல்லி அறிக்கையைத் திருத்துவிப்பாளாம்.

அம்மாவிடம் அடித்துச் சொல்லிவிட்டேன்: இந்த முறை தேத்தண்ணி எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு முற்றம் கூட்டப் போனா. எப்படியும் வீட்டில் வேறு தண்ணீர் இல்லை.

செப்ரெம்பர் 7, சனி

கம்சிகா வெயிலில் முகம் கன்றிச் சிவந்துபோய் வந்தாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அவளைக் கதிரையில் இருத்தி, ஆருடைய பிள்ளை, நாரந்தனையில் எந்தப் பக்கம் என்று விசாரிக்க, கடைசியில் எங்களுக்கே தூரத்துச் சொந்தம் என்று வந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தாய் இந்த வீடுகளைப் பற்றித்தான் எப்போதும் கதைக்கிறவவாம்.

நான் குசினிக்குள் கேத்திலை எடுத்தேன். வாளியில் கிணற்றுத் தண்ணீர் இருந்தது. அம்மா வந்து குசினி வாசலில் நின்றா. வாளியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றா. முன்னுக்கு அந்தப் பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு என்ன வந்தது? பின்படலையால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். போத்தில் தண்ணீர் வாங்கி, சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வந்து, அதில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். நான்தான். வேறு ஒருவருமில்லை.

அவள் குடித்து முடிய, வாரும் கிணற்றடிக்குப் போவம், நீரே அள்ளிப் பாரும் என்றேன். அது மட்டுமாவது செய்வேன் என்று நினைத்திருந்தேன்.

"தேவையில்லை அக்கா" என்றாள். "அதைத்தானே இப்ப குடிச்சனான். எவ்வளவு நல்ல தண்ணி! நாங்கள் அளந்தது சரிதான், நீங்கள் சும்மா பயப்பிட்டிருக்கிறியள்."

அவளுடைய கை அம்மாவின் கைக்குள் இருந்தது. அம்மா என்னைப் பார்த்தா. அது போத்தில் தண்ணி என்று சொல்ல வாயெடுத்தேன். வெளியே அவளை ஏற்றிவந்த வான்காரன் ஹோர்ன் அடித்தான். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

செப்ரெம்பர் 8, ஞாயிறு

வெறும் போத்திலை அம்மா கழுவிக் குசினி யன்னலில் கவிழ்த்து வைத்திருக்கிறா. பவுசர் வரும்போது நிறைத்து வைக்கவேண்டுமாம். ஆரும் வந்தால் உதவும்.