பன்னீருக்கு ஒரு மண்புழு

ஜூலை 22, செவ்வாய் இரவு

தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். குளிர்ந்த தண்ணீரிலேயே வாழும், பல்லி மாதிரி இருக்கும் என் ஆக்சலாட்டல் பன்னீர் இந்த வெக்கையில் நான்கு நாளாக எதையும் தொடவில்லை. தொட்டியில் ஐஸ் பாட்டில் மிதக்கவிட்டும் அதன் ரோஜா நிறச் செவுள்கள் வெளிறிக்கொண்டே போயின. செத்துவிடுமோ என்று பயந்துபோயிருந்தேன்.

சாயங்காலம் அப்பா வயலிலிருந்து ஒரு கொட்டாங்கச்சி நிறைய மண்புழு கொண்டுவந்தார். ஆனால் குறுவைக்குப் போன வாரம்தான் பூச்சிமருந்து அடித்திருந்தார்.

"இது வேணாம்ப்பா. புழுவுல மருந்து இருந்தா பன்னீர் தாங்காது."

"அதே வயல் சோத்தத்தானே நீ திங்கிற? உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

நான் கொட்டாங்கச்சியைத் தள்ளி வைத்தேன். அப்பா விருட்டென்று வெளியே போனார். கோபம் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கொல்லையில் மண்வெட்டிச் சத்தம். மருந்தே படாத தென்னையடியைக் கொத்திக்கொண்டிருந்தார்.

புழுவை நன்றாக அலசி, இடுக்கியில் பிடித்துப் பன்னீர் முகத்துக்கு முன்னால் ஆட்டினேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் ஆட்டினேன். லபக்! புழுவைக் காணோம். இமைகூட இல்லாத அந்த முகத்தில் என்ன ஒரு சிரிப்பு! எத்தனையோ வீடியோ பார்த்திருக்கிறேன், என் பன்னீர் மாதிரி வராது.

"யப்பா, என்னா வேகம்!" அப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். "இன்னொண்ணு குடு பாப்பா."

"பட்டினி கிடந்த வயிறுப்பா. இன்னைக்கு ஒண்ணு போதும்."

மனசில்லாமல் நகர்ந்தவர், அடுக்களைப் பக்கம் திரும்பி அம்மாவிடம் சத்தமாகச் சொன்னார்:

"இந்தா, தென்னையடியில சோப்புத் தண்ணி கிண்ணி ஊத்திடாத!"