பீரோவுக்கு மூக்கு வைத்த கதை

அன்பு மகளுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நான், அப்பா, இவள், தையல் மிஷின் எல்லோரும் சுகம், மிஷினுக்கு மட்டும் கொஞ்சம் முனகல். அங்கே நீயும் நீ செய்கிற விண்கலமும் சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா.

விஷயத்துக்கு வருகிறேன், கோபப்படாதே. நம் தெரு மன்றத்து நாடகத்தில் நிலாவுக்குப் போகிற காட்சி ஒன்று வைத்தார்கள். நாடகம் போடுகிறவர் ரீல்காரர்தான், மூடிப்போன தியேட்டரில் முப்பது வருஷம் படம் ஓட்டியவர். கறுப்பு வெள்ளைக் காலத்து ராக்கெட் படமெல்லாம் அவருக்கு மனப்பாடம். முனை கூர்மையாக, வயிறு உப்பி, கீழே மூன்று துடுப்பு, பக்கத்தில் வட்ட ஜன்னல், வாலில் நெருப்பு என்று வரைந்து கொடுத்து, இப்படித் தைச்சுக் குடுங்கக்கா என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நிஜத்தையே செய்கிறவள் என் வயிற்றில் பிறந்திருக்க, நான் எதற்குச் சினிமாவைப் பார்த்துத் தைக்க வேண்டும். நீ அனுப்பிய உன் விண்கலத்துப் போட்டோவை நீட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, அக்கா, இது பறக்குமா, இல்ல இதுல துணி மடிச்சு வைக்கணுமா என்றார். நான் விடவில்லை. அட்டைப் பெட்டிக்குத் தங்க நிறத் துணி போர்த்தி, இரண்டு பக்கமும் பாய் விரித்த மாதிரி பலகை கட்டி, போட்டோவில் இருந்தபடி நூல் பிசகாமல் முடித்தேன்.

உள்ளே நின்று நகர்த்த ஆள் வேண்டும். நாலு பேர் முன்னால் தலை நிமிராத உன் தங்கை, முகம் தெரியாதென்றால் சரி என்று புகுந்துகொண்டாள். மேடைக்கு வந்ததுதான் தாமதம், வீடு மாத்துறாங்கடோய், பீரோ வருது என்று ஒரு குரல். கூட்டமே சிரித்தது, அதில் உரத்த சிரிப்பு உன் அப்பாவுடையது. பக்கத்து வீட்டு அத்தை என் காதருகே வந்து, உங்க பொண்ணு பீரோ கம்பெனியிலயா இருக்கா, சொல்லவே இல்லையே என்றாள். ஆறு வருஷமாக நான் அடித்துக்கொண்ட தம்பட்டம் அத்தனையும் கப்பலேறியது.

இடைவேளையில் பக்கத்துப் பலகைகளைக் கழற்றி, பெட்டியின் தலையில் எண்ணெய்ப் புனலைக் கவிழ்த்து, உரக்கச் சிரித்த உன் அப்பாவின் மழைக்கோட்டை வெட்டி மூன்று துடுப்பு வைத்தேன். ரீல்காரர் வாலில் சிவப்புத் துணி கட்டினார். மறுபடி மேடையேறியதும் விசில் காதைப் பிளந்தது. அதே அத்தை, இதையா செய்யுறா உங்க பொண்ணு, அடேயப்பா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து சோறு இறங்கவில்லை. அடுத்த மாதம் நீ வரும்போது அந்த ராக்கெட் பக்கத்தில் நிறுத்தி உன்னைப் பேசச் சொல்லப் போகிறார்கள்.

இன்னொன்று. இதை எழுத மாட்டேன் என்று இவள் பேனாவை மூடுகிறாள், எழுதுடி என்கிறேன். மறுநாள் தூசி தட்டும்போது பார்த்தால் பெட்டியின் முன்பக்கம் வளையல் அளவுக்கு வட்டமாக வெட்டியிருந்தது. கேட்டால், உள்ள இருட்டா இருந்துச்சும்மா, எல்லாரையும் பாக்கணும்போல இருந்துச்சு என்கிறாள். தெருவில் போனால் தன் செருப்பை மட்டும் பார்க்கிறவள். அந்தக் காலத்துச் சினிமாக்காரர்கள் ஜன்னல் வைத்தது சும்மா இல்லை. உன் அதிகாரியிடம் சொல்லி உன் பீரோவிலும் ஒன்று வைக்கப் பார். உள்ளே ஆளே கிடையாதேம்மா என்பாய். ஜன்னல் இருந்தால் ஏறிக்கொள்ள இங்கே ஒருத்தி இருக்கிறாள்.

மன்றத்தில் நீ உண்மையையே சொல். அத்தை என்னைத் தேடுவாள், தேடட்டும். நான் அந்தப் பெட்டிக்குள் இருந்துகொள்கிறேன், பார்க்கத்தான் ஜன்னல் இருக்கிறதே.

நீ தொட்டதெல்லாம் உயரப் பறக்கட்டும், நீ மட்டும் பத்திரமாகத் தரையில் வந்து சேர். அப்பாவுக்கு ஒரு மழைக்கோட்டு மறக்காதே.

முதல் பாதியில் தோற்று, மறு பாதியில் பொய் சொல்லி ஜெயித்த
உன் அம்மா