ஆன்லைனில் வந்த மெஷின்

அன்புள்ள அம்மாவுக்கு,

சத்யா எழுதுவது. நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

இங்கே கும்மிடிப்பூண்டியில் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை தைக்க முதலாளி ஆன்லைனில் பெரிய மெஷின் வாங்கினார். அதன் ஊசி உடைந்து என் விரலில் லேசாகக் கீறிவிட்டது, பயப்படாதே. பழுது பார்க்க உள்ளூர் மெஷின் டீலர் கோபாலைக் கூப்பிட்டார். அந்த ஆள் வாசலிலேயே நின்றான்.

"என்கிட்ட ரேட்டு கேட்டுட்டு ஆன்லைன்ல வாங்கின இல்ல? அவனையே வந்து பாக்கச் சொல்லு."

அவன் போனதும் முதலாளி என்னிடம், "இன்னா பாத்துக்கினு கீற? வேற ஊசி போட்டுப் போய் ஓட்டு," என்றார்.

"நீயே ஓட்டு சார்," என்று ஸ்விட்சை அணைத்தேன்.

வேறு யாரும் அந்த மெஷினைத் தொடத் துணியாததால் இப்போது எல்லோரும் கையால் தைக்கிறார்கள். கோபமெல்லாம் என் மேல்தான். கருவாட்டுத் தொக்கை இனிச் சின்ன டப்பாவில் அனுப்பு, பங்கு கேட்க ஆளில்லை.

வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது.

சத்யா